ஏழாம் வகுப்பின் குடல்வால்

நெட்டூரணி நடுநிலைப்பள்ளியின் ஏழாம் வகுப்பு ஒரே உடம்பாகிப்போன அந்த வருஷம் மழை தவறவில்லை, குளம் உடையவில்லை, தக்காளி விலைகூடப் பெரிசாக ஏறவில்லை, எல்லா வருஷத்தையும் போலத்தான் இருந்தது என்று ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஒருத்தன் சாப்பிட்டால் எல்லாருக்கும் வயிறு நிறைந்தது, ஒருத்தி கணக்குப் போட்டால் எல்லாருக்கும் விடை வந்தது, அவ்வளவுதானே, வளர்கிற பிள்ளைகள் என்றால் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும் என்பார்கள்.

அந்த வகுப்புக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவள் உலகம்மாள். அவளுடைய அப்பா பட்டமுத்துவும் அம்மா செம்பகமும் ராட்டினக்காரர்கள். கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, தர்காவில் கந்தூரி என்று எங்கே கொடி ஏறுகிறதோ அங்கே லாரியில் ராட்டினத்தைக் கொண்டுபோய் நட்டுச் சுற்றவிட்டு, கூட்டம் கலைந்ததும் பிரித்துக் கட்டி ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்கள். நெட்டூரணிக் கொடையில் ராட்டினத்தின் அச்சு விரிசல் விட்டுவிட்டது. புது அச்சுக்குக் கோயம்புத்தூரில் சொல்லியிருந்தது, அது வருகிற வழியாக இல்லை, அதனால் உலகு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். இதற்கு முன்னால் அவள் படித்த பள்ளிக்கூடங்களை அவளே மறந்துவிட்டாள். ஆனால் ஒரு சங்கதி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல நடந்தது. அவள் போய்ச் சேரும்போது அறிவியலில் இலைப் பாடம் நடந்துகொண்டிருக்கும், செடி கொடியெல்லாம் முடிந்து மனுஷ உடம்புக்கு வருகிற சமயம் பார்த்து லாரி கிளம்பிவிடும். ஆகவே இலைகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, மனுஷர்களைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை.

நெட்டூரணியில் அவள் வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள் எப்சிபா டீச்சர் கரும்பலகையில் ஒரே ஒரு வார்த்தையைப் பலகை நிறைய எழுதி அதன் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தாள். செல், என்று எழுதியிருந்தது. உலகு அதைப் பார்த்தாள். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, போ என்பார்கள், கிளம்பு என்பார்கள், ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு எழுத்துத் தமிழ் இருக்கிறது, மரியாதையாகப் போகச் சொல்வதற்கும் ஒன்று இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு, உட்காரப்போன இடத்திலிருந்து எழுந்து பையைத் தோளில் மாட்டி வாசலைப் பார்த்து நடந்தாள். இவ்வளவு சீக்கிரம் எந்த ஊரிலும் அவளைப் போகச் சொன்னதில்லை.

"ஏட்டி, எங்க போற?" என்றாள் டீச்சர்.

"போகச் சொல்லி எழுதிப் போட்டிருக்கீயளே டீச்சர்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் ஓட்டிலிருந்த அணில் இறங்கி ஓடியது. எப்சிபா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சாக்பீஸ் கையோடு வந்து அவள் பையை வாங்கி பெஞ்சில் வைத்து, "இது போகச் சொல்லுத செல் இல்லம்மா, உடம்புக்குள்ள இருக்குத செல். இதுக்கு வேற போக்கிடமே கிடையாது. உக்காரு" என்றாள். உலகு உட்கார்ந்தாள். அப்படித்தான் முதல்முறையாக அவள் மனுஷ உடம்புப் பாடத்துக்குள் வந்தாள்.

அறிவியல் கண்காட்சிக்கு நாள் குறித்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே மனித உடல் படத்தைச் சுருட்டிலிருந்து விரித்துப் பார்த்தால் கரையான் அதை நெஞ்சுக்குக் கீழே முழுக்கத் தின்றிருந்தது. புதுப் படம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டால் தலைமையாசிரியர் ஆறுமுகநயினார் மேலே எழுதிப் போடுவார், மேலே இருப்பவர்கள் அதற்கும் மேலே எழுதுவார்கள், அதற்குள் பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போய்விடுவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். ஆகவே சோப்புப் பெட்டி அட்டைகளை வெட்டி உறுப்புகளின் பெயரை எழுதிக் கயிறு கோத்து ஆளுக்கொன்று கழுத்தில் போட்டு, படம் இல்லாவிட்டால் போகிறது, நீங்களே உடம்பாக நில்லுங்கள் என்றாள். ஓயாமல் பேசுகிற பிரிஸ்கில்லாவுக்கு வாய். தட்டில் போட்டதை ஒருநாளும் தின்று முடிக்காத ஒட்டடைக்குச்சி அய்யாத்துரைக்கு இரைப்பை. எந்த நேரமும் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கோமதிநாயகத்துக்கு இதயம். ஆயிஷாவுக்கு மூளை, அதில் யாருக்கும் வருத்தமில்லை. கல்லீரல், கணையம், நுரையீரல் என்று போய் மண்ணீரலுக்குக்கூட ஆள் வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் கடைசியாக இருந்த உலகுவிடம் வந்தபோது டீச்சர் கையில் ஒரே ஒரு அட்டைதான் மிச்சம், அதில் குடல்வால் என்று எழுதியிருந்தது.

"இது என்ன செய்யும் டீச்சர்?"

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினாள், பின்பக்கம் புரட்டினாள், பிறகு மூடிவைத்தாள். "ஒன்னும் செய்யாது. சும்மா இருக்கும்."

உலகுவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆணி எடு, கிரீஸ் கொண்டுவா, கூட்டத்தைக் கூப்பிடு என்றுதான் அவளிடம் எல்லாரும் சொல்லியிருக்கிறார்களே தவிர, சும்மா இரு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. கண்காட்சியன்று வந்தவர்கள் ஒவ்வொரு உறுப்பாக நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே போக, பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே வர, அவள் மட்டும் கையைக் கட்டி நிமிர்ந்து நின்று "நான் சும்மா இருக்கேன்" என்றாள். அன்றைக்கு அவளுக்குத்தான் பலத்த கைதட்டல். அதற்கப்புறம் அவளை உலகு என்று கூப்பிட்டவர்கள் குறைந்து, வாலு என்று கூப்பிட்டவர்கள் கூடினார்கள். வாலு, இங்க வா. வாலு, அங்க பாரு. சேட்டை பண்ணாமலேயே அந்தப் பெயர் கிடைத்தது ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான்.

மறுநாள் மத்தியானம் சத்துணவில் முட்டை. வழக்கத்துக்கு மாறாக அய்யாத்துரை வரிசையில் முதல் ஆளாக நின்று வாங்கி வழித்துத் தின்றான். தின்று முடித்து அவன் ஏப்பம் விட்டதும் வரிசையில் நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஏப்பம் விட்டு, போதும்க்கா வயிறு நிறைஞ்சிட்டு என்று கழுவிய தட்டோடு திரும்பிப் போனார்கள். சமையற்காரி பொன்னுத்தாய் தன் சாம்பாரில்தான் ஏதோ குறை என்று பயந்து கரண்டியால் எடுத்து நக்கிப் பார்த்தாள். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பிரிஸ்கில்லா உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு மாங்காயைக் கடித்தபோது வீட்டுக்குப் போகிற வழியில் அங்கங்கே நின்ற பிள்ளைகள் எல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். கோமதிநாயகம் பந்துக்குப் பின்னால் ஓடினான், வீட்டில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்த ஆயிஷாவுக்கு மூச்சு வாங்கியது.

தலைமையாசிரியர் எப்சிபா டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்தார். அட்டையைக் கழற்றும்போது முடிஞ்சது என்று சொன்னீர்களா என்று கேட்டார். டீச்சர் யோசித்துப் பார்த்து, இல்லை சார், அட்டையைக் கழற்றி வைங்க என்றுதான் சொன்னேன் என்றாள். அதுதான் விஷயம் என்றார் அவர். எப்படி வந்தது என்பதைப் பற்றி நெட்டூரணியில் நடந்த ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. எப்படி வைத்துக்கொண்டு பிழைப்பது என்பதுதான் மிச்சம்.

முதலில் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்கள் அம்மாமார்கள். பிரிஸ்கில்லா தின்றால் எல்லாருக்கும் ருசி, அய்யாத்துரை தின்றால் எல்லாருக்கும் பசி தீரும் என்று அவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே பலகாரம் எல்லாம் பிரிஸ்கில்லா வீட்டுக்கும் சோறு எல்லாம் அய்யாத்துரை வீட்டுக்கும் போயிற்று. காலையில் அய்யாத்துரையின் அம்மா வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் அங்கே தூக்குவாளிகள் வரிசையாக நிற்கும். இவர்கள் வீட்டு ரசம், அவர்கள் வீட்டு மீன்குழம்பு, பக்கத்துத் தெரு முருங்கைக்கீரை, எல்லாம் என் பிள்ளைக்கும் சேர்த்து என்று வைத்துவிட்டுப் போனது. ஒட்டடைக்குச்சியாக இருந்த பையன் கன்னத்தில் குழி விழ நடமாடினான். ஆனாலும் அந்த அம்மாளுக்குக் கவலை. பள்ளிக்கூடத்துக்கு வந்து, "இவன் செரிமான மண்டலம்னு சொல்லுதாவளே டீச்சர், இது இன்னும் எத்தன மண்டலத்துக்கு இருக்கும்? ஒரு மண்டலம்னா விரதக் கணக்கு எனக்குத் தெரியும், ரெண்டு மூணுன்னா பாத்திரம் கழுவ ஆள் போடணும்" என்று கேட்டாள்.

நோன்பு மாதம் வந்தபோது ஆயிஷா அய்யாத்துரையிடம் போய், நான் நோன்பு பிடித்தால் போதாது, வயிறு உன்கிட்டல்லா இருக்கு என்றாள். சோற்றைக் கண்டாலே ஓடி ஒளிகிற நிலைக்கு வந்திருந்த அவன் இதைவிடப் பெரிய உதவியை யாரும் தனக்குச் செய்ததில்லை என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். அந்த மாதம் ஏழாம் வகுப்பு முழுக்க நோன்பு இருந்தது. சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அய்யாத்துரை நோன்புக் கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்க, மாதா கோயில் தெருவிலும் அம்மன் கோயில் தெருவிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த இடத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக ஆயிஷாவின் அப்பா ஹாஜியார் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மூளைக்கு ஓய்வு கொடுப்பதாக, அதாவது ஆயிஷாவைக் கணக்குப் போடச் சொல்வதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். பரீட்சையில் எல்லாத் தாளும் ஒன்றுபோல இருந்ததைப் பார்த்த மேலதிகாரி முதலில் காப்பி என்று கத்தி, பிறகு ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு அறையில் உட்காரவைத்துப் பார்த்து, கடைசியில் யாரைப் பெயிலாக்குவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார்.

கோமதிநாயகத்தைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாகப் போயிற்று. அவன் பேய்ப்படம் பார்த்தால் ஊரில் பாதி வீட்டில் விளக்கை அணைக்க முடியவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள், ஏழாம் வகுப்பு மொத்தமும் தமிழ் ஐயா முன்னால் காரணமில்லாமல் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தது. அவன் அம்மா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ அழுதா ஊரே அழும்ல, எது வந்தாலும் பல்லைக் கடிச்சுக்கோ, மத்த வீட்டுக்காரவுகளுக்கு நான் பதில் சொல்ல முடியாது என்று சொல்லிவைத்தாள். அவன் பல்லைக் கடிக்கப் பழகினான்.

உலகுவுக்கு எல்லாம் வந்தது. மீன்குழம்பின் நிறைவு, மாங்காயின் புளிப்பு, பேய்ப்படத்தின் நடுக்கம், எட்டாம் வகுப்புப் பெண்ணின் சிரிப்பு எல்லாம் வந்தது. ராட்டினம் பிரித்துப் போட்டிருந்த மைதானத்துக் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டே ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று அவளால் சொல்ல முடிந்தது. இதற்கு முன்னால் எந்த ஊரிலும் அவளுக்கு அந்த ஊரின் முகம்தான் தெரியும், இந்த ஊர்தான் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் ஒருநாள் இரும்புச் சட்டத்தில் முழங்கை இடித்து உயிர் போகிற வலி வந்தபோது அவள் ஆசையாக ஓடிப்போய் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். ஒருத்தரும் முழங்கையைத் தடவிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் வகுப்பில் அடிக்கடி தன்னைத் தானே கிள்ளிப் பார்த்தாள், வேப்பங்கொழுந்தைத் தின்று பார்த்தாள், யாருக்கும் தெரியாமல் சிரித்துப் பார்த்தாள். அவளுக்குள் எல்லாம் வந்துசேர்ந்தது, அவளிடமிருந்து ஒன்றும் போய்ச்சேரவில்லை.

ஊசி போட வந்த டாக்டர் ஒரே பிள்ளைக்குப் போட்டால் எல்லாரும் கையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து, இப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒரு வகுப்பு இருந்தால் என் வேலை எவ்வளவு சுளுவாகும் என்று சந்தோஷப்பட்டார். உறுப்பு உறுப்பாகக் கூப்பிட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் உலகுவிடம் வந்ததும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். "குடல்வாலா? இதுக்கு வைத்தியமே தேவையில்ல. வெட்டி எடுத்துப் போட்டாலும் ஒடம்புக்கு ஒன்னும் ஆகாது."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், உலகுவும் சிரித்தாள். ஆனால் அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து அச்சு வந்து இறங்கிவிட்டது.

ராட்டினக்காரர்கள் போகப்போகிறார்கள் என்றதும் டீக்கடையில் பேச்சு எழுந்தது. இதயமோ மூளையோ ஊரைவிட்டுப் போகிறதென்றால் பஞ்சாயத்துக் கூட்டித் தடுத்திருப்பார்கள். நுரையீரலில் ஒருத்தன் அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது ஊரே போய் மனுக் கொடுத்து நிறுத்திவைத்தது. இது வாலுதானே, டாக்டரே சொல்லிவிட்டாரே என்று அவரவர் டீயைக் குடித்தார்கள். யாரும் அவளைப் பிடிக்காமல் சொல்லவில்லை, பிள்ளை பிழைப்பைப் பார்க்கட்டும், நல்ல பிள்ளை என்றுதான் சொன்னார்கள். உலகுவின் மனசில் மட்டும் வெளியே சொல்ல முடியாத ஒரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. தான் போகிற அன்றைக்கு யாருக்காவது ஏதாவது ஆகவேண்டும். பெரிசாக வேண்டாம். ஒரு தலைசுற்றல் போதும், ஒரு வயிற்றுவலி போதும், அய்யாத்துரை ஒருவேளை சாப்பிடாமல் எழுந்திருந்தால்கூடப் போதும்.

கிளம்புகிற அன்று வகுப்பு மொத்தமும் மைதானத்துக்கு வந்து லாரியைச் சுற்றி நின்றது. பிரிஸ்கில்லா என்றைக்கும்போலப் பேசிக்கொண்டே இருந்தாள். கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கடித்த கடியில் ஒருத்தர் கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, எல்லாரும் உலர்ந்த கண்ணோடு கையசைத்தார்கள். உலகு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து அந்தக் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டாக்டர் சொன்னது சரிதான் என்று தெரிந்துகொண்டாள்.

ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும் அவளுக்குப் பசித்தது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவளுடைய சொந்தப் பசி. அம்மா இலையில் கட்டிக்கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்துக் கொடுத்தாள், தின்றாள், அவளுக்கு மட்டும் வயிறு நிறைந்தது. அறுத்த இடத்தில் காயம்கூட இல்லை.

அடுத்த ஊரான கருங்கல்பொத்தையில் ராட்டினத்தை நட்டு முடித்த அன்றுதான் விக்கல் ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தாள், நிற்கவில்லை. சீனியை நாக்கடியில் வைத்துப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள், பட்டமுத்து பின்னாலிருந்து தகரத்தைத் தட்டிப் பயங்காட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. "யாரோ உன்ன நெனைக்காவ. ஒவ்வொரு பேரா சொல்லு, சரியான ஆளு பேரு வந்ததும் நின்னுரும்" என்றாள் செம்பகம்.

உலகு சொன்னாள். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆச்சி, தென்காசி லாட்ஜ்காரர், பழைய பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் என்று நினைவில் இருந்த பெயரையெல்லாம் சொல்லி முடித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, பிரிஸ்கில்லா என்றாள். விக்கல் வந்தது. அய்யாத்துரை என்றாள். வந்தது. கோமதிநாயகம், ஆயிஷா, கல்லீரல், கணையம், இரண்டு நுரையீரல், மண்ணீரல் என்று வகுப்பு முழுக்கச் சொன்னாள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விக்கல் வந்ததே தவிர ஒரு பெயருக்கும் நிற்கவில்லை. இவர்களில் ஒருத்தர்கூட என்னை நினைக்கவில்லை என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. ராட்டினத்தில் ஏறுகிறவர்களுக்குக் கம்பியைப் போட்டுவிடும்போதும் விக்கினாள், தூக்கத்திலும் விக்கினாள். பஞ்சுமிட்டாய்க்காரர் அவளைக் கடந்து போகும்போதெல்லாம் ஆர் நெனைக்கா பாப்பா, மாப்பிள்ளையா என்று கேட்டுக்கொண்டு போனார்.

திருவிழாவின் நடுநாள் மத்தியானம், வெயிலில் கூட்டம் இன்னும் சேராத நேரத்தில், நெட்டூரணி வேன் ஒன்று மைதானத்தில் வந்து நின்றது. முதலில் எப்சிபா டீச்சர் இறங்கினாள், அவள் புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூள் இருந்தது. அவளுக்குப் பின்னால் ஏழாம் வகுப்பு இறங்கியது. எல்லாரும் நல்ல தெம்பாக, எண்ணெய் தடவித் தலை சீவி, கொழுகொழுவென்று இருந்தார்கள். உலகு ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். யாருக்காவது கட்டுப் போட்டிருக்கிறதா, யாராவது நொண்டுகிறார்களா என்று பார்த்தாள்.

"என்னைய எடுத்தது வலிச்சுதாட்டி?" என்றாள்.

"இல்ல" என்றாள் பிரிஸ்கில்லா.

"கொஞ்சம்கூடவா?"

"ஒரு இதும் இல்ல. நல்லாத் தின்னோம், நல்லாத் தூங்குனோம். டாக்டர் வந்து பாத்துட்டு, நான் சொன்னேன்லான்னு சிரிச்சிட்டுப் போனாரு."

"பிறகு எதுக்கு வந்தீய?"

பிரிஸ்கில்லா அவளை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "வலிச்சிருந்தா ஆஸ்பத்திரிக்குல்லா போயிருப்போம்?"

பிரிஸ்கில்லா அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். இந்த ஆயிஷா இருக்கிறாளே, இவள் லாரி போனதிலிருந்து வேறு எதையும் நினைக்க மாட்டேன் என்கிறாள், மூளை ஒன்றை நினைத்தால் நாங்கள் எல்லாரும் அதைத்தானே நினைக்கவேண்டும், கணக்குப் பரீட்சையில் முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் எல்லாரும் விடைக்கு உலகு, உலகு என்று எழுதிவைத்துவிட்டோம், பெரிய சார் தாளைப் பார்த்துவிட்டு இது பூகோளப் பரீட்சையா என்று கேட்டார், பிறகு அவரே வேனுக்குச் சொல்லி அனுப்பினார். ஆயிஷா செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். கோமதிநாயகம் கடித்திருந்த பல்லை விட்டுவிட்டான். அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் மைதானத்தின் நடுவில் நின்று பொங்கிப் பொங்கி அழுதது. பக்கத்தில் வளையல் விற்றுக்கொண்டிருந்தவள் யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடிவந்து, எல்லாரும் அழுதுகொண்டே சிரிப்பதைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் ஆளுக்கொரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

உலகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது.

அது வந்த கையோடு பிரிஸ்கில்லாவுக்கு விக்கியது. அடுத்து அய்யாத்துரைக்கு. பிறகு இரண்டு நுரையீரலும் ஒன்றாக விக்கின, கல்லீரல், கணையம், மண்ணீரல் என்று தெருவில் பட்டாசுச் சரம் வெடித்துக்கொண்டு போவதுபோல அது வகுப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடி, கோமதிநாயகத்தைத் தூக்கிப் போட்டு, ஆயிஷாவிடம் போய் முடிந்தது. எல்லாரும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். இது யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உலகு நம்பாமல் தன் கையை இறுக்கிக் கிள்ளினாள். வகுப்பு மொத்தமும் ஆ என்று கையை உதறியது.

"மறுபடி கிள்ளுன, கொன்னுருவேன்" என்றாள் பிரிஸ்கில்லா, விக்கிக்கொண்டே.

எப்சிபா டீச்சர் செம்பகத்திடம் போய் நின்றாள். இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் ராட்டினத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினார்கள். பிறகு டீச்சர், முழுப் பரீட்சை முடிகிற வரைக்குமாவது பிள்ளை எங்களோடு இருக்கட்டுமே என்று கேட்டாள். பட்டமுத்து தொண்டையைச் செருமினார், அவருக்கு எப்போதும் அதற்கு மேல் பேச வராது. செம்பகம்தான் எங்கே தங்குவாள், யார் சோறு போடுவார்கள் என்று கேட்டாள். அய்யாத்துரை முன்னால் வந்தான். அவன் வீட்டு வாசலில் தினமும் நிற்கிற தூக்குவாளிகளைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. சரி, கூட்டிட்டுப் போங்க, கார்த்திகையில நாங்களே அங்க வாரோம், அதுவரைக்கும் அவள ஒரு வேலையும் செய்யவிடாதீய, ஓய்ஞ்சு கிடக்கட்டும் என்றாள். பெற்ற பிள்ளையைப் பற்றி அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை உலகு அன்றைக்குத்தான் கேட்டாள்.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஒரு சுற்று என்று பட்டமுத்து எல்லாரையும் ராட்டினத்தில் ஏற்றினார். உலகு ஆயிஷாவோடு உட்கார்ந்தாள். மேலே போனபோது தூரத்தில் ஆற்றுப்பாலமும் அதற்கு அந்தப் பக்கம் நெட்டூரணியின் பள்ளிவாசல் மினாராவும் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. விக்கல் இன்னும் எல்லாருக்கும் நிற்கவில்லை, தொட்டிலுக்குத் தொட்டில் தாவிக்கொண்டிருந்தது.

"நாம எல்லாரும் இங்கதான இருக்கோம்" என்று கீழே இருந்த தொட்டிலிலிருந்து பிரிஸ்கில்லா கேட்டாள். "பிறகு நம்மள ஆரு நெனைக்கா?"

பெயர் சொல்லிப் பாருங்கள் என்றாள் டீச்சர், பயத்தில் கம்பியை இறுக்கப் பிடித்துக்கொண்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு பெயராகக் கத்தினார்கள். பொன்னுத்தாயக்கா என்றார்கள், பெரிய சார் என்றார்கள், அய்யாத்துரை அம்மா, ஹாஜியார், டீக்கடை அண்ணாச்சி, டாக்டர் என்று தெரு தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள், பிள்ளைகள் இல்லாத அந்த மத்தியானத்தில் ஊரே வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்ததோ என்னவோ, ஒரு பெயருக்கும் விக்கல் நிற்கவில்லை. உலகுவும் தன் பங்குக்குக் கத்தினாள். அவள் வயிறு மேலே எழும்பியபோது எல்லா வயிறும் எழும்பியது, அவள் கூவியபோது எல்லா வாயும் கூவியது.

அந்த நேரம் பார்த்துக் கீழே, ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்த பட்டமுத்துவுக்கு ஒரு விக்கல் வந்தது. அவர் எந்த வகுப்பிலும் இல்லை, எந்த உறுப்பும் இல்லை. கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். உங்கள யாரு மாமா நெனைக்கா என்று பிள்ளைகள் மேலேயிருந்து கத்தினார்கள். அவருக்கு விளங்கவில்லை. ஆனால் உச்சியிலிருந்து பார்த்த உலகுவுக்கு அது யாரென்று தெரிந்தது, ஆகவே எல்லாருக்கும் தெரிந்தது. டிக்கெட் மேசையில் உட்கார்ந்திருந்த அம்மா, ஆள் இல்லாத பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒருத்தரும் கேட்காத டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.